வைஃபை காணோம், சத்தம் இல்லை, திரை மினுக்குகிறது: பார்ட் மாற்றும் முன் டிரைவரை ரீசெட் செய்து பாருங்கள்

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய லேப்டாப்பைக் காலையில் திறந்தால் வைஃபை இல்லை. இல்லையென்றால் சத்தம் வரவில்லை, டச்பேட் அசையவில்லை, பிரின்டர் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. உடனே மனசுக்குள் ஓடுவது "பார்ட் போயிடுச்சு" என்பதுதான். பலமுறை பார்ட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள்தான் சிக்கி நிற்கும். காசு கொடுத்துப் பார்ட் மாற்றுவதற்கு முன்னால் வீட்டிலேயே அரை மணி நேரம் செலவழித்து எது பழுது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். மெனு பெயர்களை ஆங்கில விண்டோஸில் இருப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரு வைஃபை கார்டு வேலை செய்ய இரண்டு இடம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, விண்டோஸுக்குள் ஓடும் டிரைவர். இன்னொன்று, கார்டுக்குள்ளேயே இருக்கும் சின்னச் சிப்பில் ஓடும் ஃபர்ம்வேர். லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழும்போதோ, அப்டேட் பாதியில் நின்றாலோ, இந்த இரண்டில் ஒன்று நடுவழியில் நின்றுவிடும். டிரைவர் நின்றால் மென்பொருள் வழியாக ரீசெட் செய்யலாம். கார்டின் சிப் நின்றால் விண்டோஸில் என்ன செய்தாலும் எழாது, அதற்கு வரும் கரன்டை முழுதாக நிறுத்த வேண்டும். இரண்டையும் செய்து பார்த்தும் எழவில்லை என்றால்தான் பார்ட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

ஷட் டவுன் செய்தேனே, போதாதா?

போதாது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் திறந்திருக்கும் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் அதனுடன் சேர்ந்த டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்துவிடும். மறுநாள் ஆன் செய்தால் அதே நிலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் ஆன் ஆவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் நேற்று சிக்கிய டிரைவர் இன்றும் சிக்கியபடியே எழுந்து வரும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்பதைத்தான்.

ரீஸ்டார்ட் இந்தக் குறுக்குவழியில் போகாது, டிரைவர்களைப் புதிதாக ஏற்றும். அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் அந்த ஒரு முறை முழு ஷட் டவுன் நடக்கும். அடிக்கடி இப்படிச் சிக்குகிற மெஷினாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" என்பதைத் திறந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த டிக் மங்கலாக இருந்தால் மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்" என்ற வரியை ஒருமுறை சொடுக்க வேண்டும். ஆன் ஆக ஓரிரு நொடி கூடுதலாகலாம், அவ்வளவுதான்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான நான்கு படி

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் வரும். கையில் மவுஸ் இல்லையென்றால் விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, அப்புறம் எம் அழுத்துங்கள். உள்ளே உங்கள் மெஷினில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் வகை வகையாக அடுக்கியிருக்கும். தொந்தரவு தரும் பாகத்தைக் கண்டுபிடித்து, கீழே சொல்லும் வரிசையில் போங்கள். ஒரு படியில் சரியானால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் படி: ரைட் கிளிக் செய்து டிஸேபிள் டிவைஸ், பத்து நொடி விட்டு எனேபிள் டிவைஸ். எதையும் அழிக்காத படி இது. டிரைவரை இறக்கி ஏற்றும் வேலையை மட்டும் செய்யும்.

இரண்டாம் படி: அன்இன்ஸ்டால் டிவைஸ். அப்போது வரும் சின்னப் பெட்டியில், டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு டிக் கேட்கும். இந்தப் படியில் அதை வைக்காதீர்கள். பிறகு மெனுவில் ஆக்‌ஷன் போய் "ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்" கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் அதே டிரைவரை எடுத்து, அமைப்புகளைப் புதிதாக எழுதிக்கொள்ளும். எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்தப் படிதான்.

மூன்றாம் படி: அப்டேட் வந்த மறுநாளிலிருந்து பிரச்சினை என்றால் மட்டும். பாகத்தை டபுள் கிளிக் செய்து டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள். பழைய டிரைவருக்குத் திரும்பும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்ப வேண்டிய பழைய டிரைவர் மெஷினில் இல்லை என்று அர்த்தம். ரோல் பேக் செய்த கையோடு விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அதே புது டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும்.

நான்காம் படி: அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிக்கையும் வைப்பது. விண்டோஸ் 10இல் "டெலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர்" என்றும், 11இல் "அட்டெம்ப்ட் டு ரிமூவ் தி டிரைவர்" என்றும் அது இருக்கும். கெட்டுப்போன டிரைவர் கோப்புகளே போய்விடும். பிறகு லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட வேண்டும். டிக் பெட்டியே வரவில்லை என்றால் ஓடிக்கொண்டிருப்பது விண்டோஸோடு வந்த பொது டிரைவர், அதை நீக்க முடியாது, தேவையும் இல்லை.

நான்காம் படிக்குப் போகும் முன் இரண்டு காரியம் கட்டாயம். ஒன்று, புது டிரைவரை முன்கூட்டியே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு வைஃபை டிரைவரைத் தேட முடியாது. இரண்டு, ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரிஸ்டோர் பாயின்ட்" என்று தேடி ஒரு ரிஸ்டோர் பாயின்ட் போட்டுவிடுங்கள், ஏதாவது தவறினால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. சிஸ்டம் டிவைசஸ், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ், டிஸ்க் டிரைவ்ஸ் ஆகிய பகுதிகளில் கை வைக்காதீர்கள். விண்டோஸ் ஆன் ஆகாமலே போக வாய்ப்பு இருக்கிறது.

வைஃபை ஐகானே இல்லை

போன செமஸ்டர் சமயம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். "அண்ணா, வைஃபை கார்டு போயிடுச்சாம். மாத்தணும்னு சொல்றாங்க. நாளைக்கு ஆன்லைன்ல வைவா இருக்கு" என்றாள். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் வைஃபை என்று ஒன்றுமே இல்லை. ப்ளூடூத் என்ற வகையையே காணோம். யூஎஸ்பி பகுதியில் மட்டும் "அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்" என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி.

அந்த ஒரு வரியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. இன்றைய லேப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார்டு மதர்போர்டோடு இரண்டு வழியில் பேசும். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், ப்ளூடூத் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகவும் போகும். அறிமுகமில்லாத யூஎஸ்பி டிவைஸ் என்று ஒன்று தெரிந்தால், கார்டு இன்னும் கரன்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது, சரியாகப் பதில்தான் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிப் சிக்கி நிற்கிறது.

ஷிஃப்ட் அழுத்தி முழு ஷட் டவுன் கொடுத்தேன். சார்ஜரைப் பிடுங்கி, சொருகியிருந்த மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுத்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணச் சொன்னேன். பத்திலேயே விடப் பார்த்தாள். "விடாதம்மா, முப்பது" என்றேன். பிறகு சார்ஜரைச் சொருகி ஆன் செய்தோம். டெஸ்க்டாப் வந்து கொஞ்ச நேரத்தில் கீழ் மூலையில் அந்தச் சின்ன விசிறி வடிவம் தெரிந்தது. அவள் வீட்டு வைஃபை பெயரோடு தெருவில் உள்ள மற்ற நாலு பெயரும் வரிசையாக வந்தன. ஒரு ரூபாய் செலவில்லை. வைவாவும் நல்லபடியாக முடிந்தது என்று பிறகு வந்து சொன்னாள்.

ஆகவே பட்டியலிலேயே வைஃபை இல்லை என்றால் முதலில் இந்தக் கரன்ட் ரீசெட்டைச் செய்யுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் கழற்றுங்கள். உள்ளே பொருத்திய பேட்டரி உள்ள சில மாடல்களில் அடிப்பக்கம் ஊசித்துளை மாதிரி ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும், ஊக்கு முனையால் மெதுவாக அழுத்தலாம்.

பட்டியலில் வைஃபை இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் நான்கு படிகளில் போங்கள். அதற்கு முன் ஏர்பிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைகள் கீபோர்டில் தட்டி ஆன் ஆகியிருக்கும். சர்வீசஸ் என்று தேடித் திறந்து "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது நின்றிருந்தால் கார்டு நன்றாக இருந்தும் ஒரு நெட்வொர்க்கும் தெரியாது.

இன்னொரு வகை: ஆன் செய்ததும் வேலை செய்யும், ஸ்லீப்புக்குப் போய் வந்தால் போய்விடும். வைஃபை அடாப்டரை டபுள் கிளிக் செய்து பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தப் பாகத்தை நிறுத்தலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்கள் சிலவற்றில் இந்த டேபே இருக்காது, அவற்றுக்குத் தயாரிப்பாளரின் புதிய டிரைவர்தான் வழி.

எல்லாம் செய்தும் இணைப்பு நிலைக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. எல்லா நெட்வொர்க் பாகங்களையும் ஒரே அடியாக நீக்கிப் புதிதாகப் போடும். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், ஆபீஸ் விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி நிறுவ வேண்டி வரலாம். அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் இறக்க நெட் வேண்டுமே என்று தவிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் சொருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். வைஃபை டிரைவர் இல்லாமலே இது வேலை செய்யும்.

சத்தம் வரவில்லை

டிரைவரைத் தொடும் முன் ஸ்பீக்கர் ஐகானைச் சொடுக்கி, சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோ மானிட்டரோ சொருகினால் விண்டோஸ் சத்தத்தை அதற்குத் திருப்பிவிடும். பக்கத்து அறையில் இருக்கும் ப்ளூடூத் ஹெட்போனுக்கும் போய்க்கொண்டிருக்கலாம்.

அது சரி என்றால் சர்வீசஸ் பட்டியலில் "விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்" என்பதை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அதை நம்பி ஓடும் "விண்டோஸ் ஆடியோ"வையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். ஸ்பீக்கர் ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் பல நேரம் இதிலேயே போய்விடும்.

அப்புறமும் இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்" பகுதியில் ஆடியோ டிரைவரை இரண்டாம் படி வழியாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவும் எடுபடவில்லையா, ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அப்டேட் டிரைவர் கொடுத்து, "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", அதற்குள் "லெட் மீ பிக் ஃப்ரம் எ லிஸ்ட்" போனால், நிறுவனத்தின் டிரைவரோடு "ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்" என்ற பொது டிரைவரும் பல மெஷின்களில் தெரியும். அதைத் தேர்ந்தெடுங்கள். அதில் சத்தம் வந்தால் சிப்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, நிறுவனத்தின் டிரைவர் கோப்புதான் கெட்டிருக்கிறது. பொது டிரைவரிலேயே ஓட்டலாம், ஒலித் தரத்தைக் கூட்டும் சில வசதிகள் மட்டும் இருக்காது.

ஹெட்போன் சொருகினால் கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கில் தூசியோ ஈரமோ சிக்கி, ஹெட்போன் இன்னும் சொருகியிருக்கிறது என்று மெஷின் நினைத்துக்கொண்டிருக்கும், அல்லது ஸ்பீக்கரே போயிருக்கும். ஹெட்போன் பின்னை நாலைந்து முறை சொருகி எடுத்துப் பாருங்கள்.

திரை கருப்பாகிறது, மினுக்குகிறது, எழுத்து பெரிதாகிவிட்டது

திரை உறைந்தாலோ, ஆன் ஆனதும் வெறும் கருப்பாக நின்றாலோ, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு திரை ஒரு கணம் அணைந்து வரும். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் ரீசெட் செய்யும் குறுக்குவழி இது, திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. பாதி தட்டச்சு செய்த கடிதத்தோடு உறைந்து நின்ற மெஷினைப் பவர் பட்டனால் அணைப்பதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

விண்டோஸே தானாகவும் இதைச் செய்கிறது. கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுத்த வேலைக்கு வழக்கமாக இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் டிரைவரை ரீசெட் செய்துவிடும். எப்போதாவது ஒருமுறை திரை கண் சிமிட்டினால் கவலை இல்லை. ஒரு மணி நேரத்தில் நாலு தடவை நடந்தால் டிரைவரை மாற்றியாக வேண்டும், அல்லது சூடு அதிகமாகிறதா, ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மினுக்கலுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் ஒரு எளிய சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். திரை மினுக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் கோளாறு டிரைவரில். மற்றதெல்லாம் மினுக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம்தான் காரணம், சமீபத்தில் போட்டதை நீக்குங்கள்.

எழுத்தும் ஐகானும் திடீரென்று பெரிதாகி, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லையா? டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் உண்மையான டிரைவர் ஏறவில்லை, விண்டோஸ் தற்காலிக டிரைவரில் ஓடுகிறது. இதற்கு நேராக நான்காம் படியின் கடைசி வேலைதான்: நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுவது. இன்டெல், என்விடியா என இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் இரண்டுக்கும் டிரைவர் போட வேண்டும்.

டிரைவர் அடிக்கடி கெட்டுப்போகும் மெஷினில் பழைய மிச்சங்களைச் சுத்தமாகத் துடைக்க டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி உண்டு. அதை, அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். ஒரு விஷயம் ஜாக்கிரதை: பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷின் சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம். நாம் போடாமலேயே தானாக என்கிரிப்ட் ஆகியிருக்கும் லேப்டாப்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பிரின்டர் கொடுத்ததை எடுக்கவில்லை

எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் போன் செய்தார். ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பிரின்டர் அசையவில்லை. "ரெண்டு மட்டம் ஆஃப் பண்ணிட்டேன்யா, பழைய பேப்பரையே புடிச்சுக்கிட்டு நிக்கி" என்றார். போய்ப் பார்த்தால் முதல் நாள் கரன்ட் போனபோது பாதியில் நின்ற ஒரு பிரின்ட், வரிசையின் தலையில் "டெலீட்டிங்" என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் பதினாறு ஹால் டிக்கெட்.

ரீஸ்டார்ட் செய்தாலும் இது போகாததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பிரின்டுக்கும் விண்டோஸ் இரண்டு கோப்புகளை டிஸ்கில் எழுதுகிறது, ஒன்றில் பக்கத்தின் உள்ளடக்கம், மற்றதில் எத்தனை காப்பி, எந்தப் பிரின்டர் என்ற விவரம். மெஷின் எழுந்ததும் அந்தக் கெட்ட கோப்பையே முதலில் எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளும். கையால் அழித்தால்தான் தீரும்.

1. சர்வீசஸில் "பிரின்ட் ஸ்பூலர்" என்பதை ஸ்டாப் செய்யுங்கள். ஜன்னலை மூட வேண்டாம்.
2. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள்.
3. உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்கக் கூடாது.
4. பிரின்ட் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள்.

அண்ணாச்சி கடையில் அன்றைக்கு இதோடு முடியவில்லை. பிரின்டர் பட்டியலில் ஒரே பிரின்டர் மூன்று பெயரில் இருந்தது: அசல் பெயர், "காப்பி 1", "காப்பி 2". யூஎஸ்பி கேபிளை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு துளையில் சொருகியதால் விண்டோஸ் அதைப் புதுப் பிரின்டர் என்று எண்ணிப் பதிந்துகொண்டே போயிருக்கிறது. அவர் பிரின்ட் கொடுத்ததெல்லாம் இப்போது கேபிளே இல்லாத பழைய பெயருக்கு. மூன்றையும் நீக்கினேன். செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் பக்கத்தில் "பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்" இருக்கும், அதில் டிரைவர்ஸ் டேபில் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்து, டிரைவரோடு பேக்கேஜையும் நீக்கினேன். பிறகு கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுவனத்தின் டிரைவரை ஓட்டி, "இப்போது சொருகு" என்று அது கேட்ட பிறகு சொருகினேன். எந்தத் துளையில் சொருகினேனோ அதன் மேல் ஒரு துண்டு பச்சை டேப் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த டேப் இன்னும் இருக்கிறது.

வைஃபை பிரின்டர் ஆஃப்லைன் என்று காட்டினால், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனபோது பிரின்டரின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது எளிது.

யூஎஸ்பி, டச்பேட், கேமரா

பென் டிரைவோ மவுஸோ "நாட் ரெகக்னைஸ்டு" என்றால் முதலில் வேறு துளை, ஹப் இல்லாமல் நேரடியாக. அப்புறம் கரன்ட் ரீசெட். அதற்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். எப்போதோ சொருகியவை மங்கலாகத் தெரியும், அவற்றில் உங்கள் பென் டிரைவின் பழைய பதிவை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி சொருகுங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில், யூஎஸ்பி துளைகளை நடத்தும் யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலரை அன்இன்ஸ்டால் செய்யப் போனால் அந்த நொடியே கீபோர்டும் மவுஸும் நின்றுவிடும். பதற வேண்டாம், ரீஸ்டார்ட் ஆனால் பொதுவாகத் திரும்பிவிடும். ஆனால் சேமிக்காத வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

டிரைவர் ரீசெட்டால் பென் டிரைவில் உள்ள படங்கள் போகாது. "ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

டச்பேடுக்கு, முதலில் எஃப் வரிசைக் கீகளில் டச்பேட் படம் போட்ட கீயைத் தட்டிப் பாருங்கள். ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பகுதியில் "ஐ2சி எச்ஐடி டிவைஸ்" மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் அதுதான் ஆள்: அன்இன்ஸ்டால், முழு ஷட் டவுன், கரன்ட் ரீசெட். கேமராவுக்கு லென்ஸ் மேல் தள்ளும் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரைவசி செட்டிங்ஸில் அனுமதி பாருங்கள். பிறகு சத்தத்துக்குச் சொன்ன மாதிரி பட்டியலிலிருந்து "யூஎஸ்பி வீடியோ டிவைஸ்" என்ற பொது டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம்.

மஞ்சள் முக்கோணம் சொல்லும் எண்

பாகத்தை டபுள் கிளிக் செய்தால் முதல் பக்கத்திலேயே ஒரு கோட் எண் இருக்கும். 22 என்றால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் முடிந்தது. 14 ரீஸ்டார்ட் கேட்கிறது. 28 என்றால் டிரைவரே இல்லை. 31, 39 வந்தால் டிரைவரை ஏற்ற முடியவில்லை, கோப்பு கெட்டிருக்கலாம், நான்காம் படி. 10 என்றால் பாகம் கிளம்பவில்லை, இரண்டாம் படியும் கரன்ட் ரீசெட்டும். 45 என்றால் பாகம் இப்போது இணைப்பிலேயே இல்லை. 43தான் யோசிக்க வைக்கும் எண்: பாகமே தன்னிடம் கோளாறு என்று சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. கரன்ட் ரீசெட்டும் புது டிரைவரும் போட்ட பிறகும் 43 வந்தால் பார்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

"அன்நோன் டிவைஸ்" என்று மட்டும் இருந்தால் டீட்டெயில்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக். எந்த டிரைவரைத் தேட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறேன்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைப் போடாதீர்கள். தவறான மாடலின் டிரைவரைப் போட்டுவிட்ட மெஷின்களைத் திருத்துவது, முதலில் இருந்த பிரச்சினையைத் திருத்துவதைவிட நேரம் பிடிக்கிறது.

டிரைவர் இல்லை, பார்ட்தான் என்று எப்படித் தெரியும்?

விண்டோஸின் டிரைவர்கள் ஏறாத இடத்தில் அதே கோளாறு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் தட்டி, விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போங்கள். அங்கேயும் திரையில் கோடு விழுந்தால், அங்கேயும் கீபோர்டில் அதே எழுத்து அடிக்கவில்லை என்றால், டிரைவருக்குச் சம்பந்தமில்லை. வெளி மானிட்டரில் சொருகினால் படம் சுத்தமாக இருக்கிறது, லேப்டாப் திரையில் மட்டும் கோடு என்றால் பேனலோ கேபிளோதான்.

வைஃபை, சத்தம், கேமராவுக்கு விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸை ஏற்றிய பென் டிரைவ் நல்ல சாட்சி. 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் "ட்ரை உபுண்டு" என்று ஓட்டிப் பாருங்கள். பிட்லாக்கர் கீ இதற்கும் கையில் இருக்கட்டும். அங்கே வைஃபை பிடித்தால் கார்டு நன்றாக இருக்கிறது, விண்டோஸ் பக்கம்தான் வேலை. அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம், மிகப் புதிய கார்டுகளுக்கு லினக்ஸில் டிரைவர் வந்திருக்காது. பயோஸிலும் தெரியவில்லை, கரன்ட் ரீசெட்டுக்கும் எழவில்லை, டிவைஸ் மேனேஜரிலும் சுவடே இல்லை என்று மூன்றும் சேர்ந்தால்தான் கார்டு போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதி.

அப்படியானால் கடைக்குக் கொண்டுபோகும்போது ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: கோட் எண், எந்தப் படி வரை செய்தீர்கள், பயோஸில் என்ன தெரிந்தது, எந்தத் தேதியிலிருந்து பிரச்சினை. மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தரச் சொல்லி அதே சீட்டில் கடைசி வரியாக எழுதுங்கள்.